கேபினை ஒட்டிய கட்டில்

ஆட்டுரலை லாரியில் ஏற்றப் போன வேலையாள் பிச்சைக்கண்ணுவை நிறுத்தி, வேப்பமரத்தடியில் கிடந்த தன் கட்டில் எப்போது ஏறும் என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

"அது கடைசியிலதான அண்ணாச்சி. போற வழியில பேட்டையில நிறுத்தி எறக்கணும்னு பெரியண்ணாச்சி சொன்னாகள்லா."

அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் பிச்சைக்கண்ணு அப்படிச் சொன்னான்.

ஐயம்பெருமாளுக்குத் தெரியாது.

கட்டில், டிரங்குப் பெட்டி, ஒற்றைத் திரி மண்ணெண்ணெய் ஸ்டவ். மூன்றும் மரத்தடியில் தனியாக இருந்தன. ஸ்டவ் யாருக்கு என்று காலையிலிருந்து அவர் யோசித்துக்கொண்டிருந்தார். இப்போது யோசிக்க வேண்டியதில்லை.

மகாராஜநகரில் வாங்கிய புது வீட்டில் நான்கு அறைகள். அண்ணன் தாணுமாலையனுக்கு ஒன்று. தம்பி குடும்பத்துக்கு ஒன்று. தையில் கல்யாணம் ஆகப் போகிற அண்ணன் மகன் சங்கருக்கு ஒன்று. பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. நடுவில் பிறந்து, கல்யாணம் இல்லாமலே நரைத்துப்போன ஐயம்பெருமாளுக்கு எது என்று கேட்டபோதெல்லாம், அங்கன போய்ப் பாத்துக்கிடலாம் என்றாள் மதினி பார்வதியம்மாள்.

அந்த வீட்டை அவர் இன்னும் பார்த்ததுகூட இல்லை.

மார்கழியில் யாரும் குடி போக மாட்டார்கள். ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. கார்த்திகை முடியுமுன் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் வைத்துவிட்டு வந்தால் குடி போனதாகிவிடும். பிறகு சாமான்கள் எந்த மாதத்திலும் போகலாம். அப்படித்தான் செய்தார்கள். அன்று கல்லிடைக்குறிச்சி வீட்டுக்குக் காவலாக ஐயம்பெருமாளை இருக்கச் சொன்னார்கள். அவரும் இருந்தார்.

பனி இன்னும் விலகவில்லை. லாரியின் தரைப்பலகை ஈரமாக, காலியாகக் கிடந்தது.

லாரி ஏற்றுவதில் ஒரே ஒரு விதிதான். கடைசியில் ஏறுவது முதலில் இறங்கும். முதலில் ஏறியது இறங்க வேண்டுமென்றால் மற்ற எல்லாமும் இறங்க வேண்டும்.

பதினான்கு பேர் குடும்பத்தின் பீரோவையும் அண்டாவையும் கிழிந்த மெத்தையையும் பேட்டைத் தெருவில் இறக்கிவைத்து நாலு பேர் பார்க்க நிற்க, ஓய்வுபெற்ற தாசில்தாரான அண்ணன் சம்மதிக்க மாட்டார். அப்படியானால் கட்டில் மகாராஜநகருக்குத்தான் போகும். கட்டிலோடு அவரும் போவார். வாசல் ஏறி வந்துவிட்டவனை மதினி வெளியே அனுப்ப மாட்டாள். அவள் கல்யாணமாகி வந்தபோது அவருக்குப் பத்து வயது. அன்றிலிருந்து அவள் போட்ட சோறுதான்.

அவளுக்கு இந்தப் பேட்டை ஏற்பாடு தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பாள்.

"கட்டிலை முதல்ல ஏத்துலே," என்றார்.

பிச்சைக்கண்ணு தயங்கினான். ஐயம்பெருமாள் அவனுக்குப் பொறுமையாக விளக்கினார். கனமெல்லாம் கேபினை ஒட்டி இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் மேடு ஏறும்போது முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. அவருடையது தேக்குக் கட்டில்.

சொன்னதெல்லாம் உண்மை. அதனால்தான் பிச்சைக்கண்ணுவால் மறுக்க முடியவில்லை.

கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களுக்கு நடுவில் பெட்டியையும் ஸ்டவ்வையும் வைத்தார்கள். அதற்குப் பின்னால் ஆட்டுரல். அதை ஒட்டி பீரோ, கண்ணாடி உடையாமலிருக்க மெத்தையைப் பார்த்து நின்றது. அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் செம்பு, செம்புக்குள் பழந்துணி. இடுக்குகளில் நெல் மூட்டை. எல்லாவற்றுக்கும் மேலே டிவி ஆன்டெனா.

"சித்தப்பாவுக்குத்தான் முன்சீட்டு போல," என்று சங்கர் கிண்டலடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஐயம்பெருமாளும் சிரித்தார்.

கோயிலுக்குப் போயிருந்த தாணுமாலையன் திரும்பியபோது தார்ப்பாய் மூடிக் கயிறு இழுத்துக் கட்டியாகிவிட்டது. அவர் வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

"லே, உன் கட்டில் எங்கன?"

"கேபினை ஒட்டிக் கிடக்கு. எல்லாத்துக்கும் அடியில."

தாணுமாலையன் லாரியை ஒருமுறை சுற்றி வந்தார். ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் போட்டிருந்தது. சங்கர் இப்போது சிரிக்கவில்லை.

"சரி. அது பொறவு வரட்டும். நீ பஸ்ல போயி பேட்டையில எறங்கிக்கோ. அங்கன ரூம் பாத்திருக்கு, பிச்சைக்கண்ணு கூட வந்து காட்டுவான்."

கட்டில் இல்லாமலும் ஆளை இறக்கிவிட முடியும் என்பது அதுவரை ஐயம்பெருமாளுக்குத் தோன்றவே இல்லை.

அவர் மதினியைப் பார்த்தார். பெண்களும் பிள்ளைகளும் ஏறிய வேனின் படியில் ஒரு கால் வைத்தபடி அவள் நின்றிருந்தாள்.

அவள் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார்.

பார்வதியம்மாள் இறங்கி வந்தாள். கூடையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பட்டினி கிடக்காதீரும், என்ன."

வேன் கிளம்பியது. அதிலிருந்த தூக்குவாளியில் மற்றவர்களுக்குத் தயிர்ச்சோறு இருந்தது.

பொட்டலம் கனத்தது. இலையை மீறி நல்லெண்ணெய் விரல்களில் கசிந்தது. பிரிக்காமலே வாசனை தெரிந்தது. புளிச்சோறு.

பேட்டை ஒரு மணி நேரப் பயணம்.

முந்தின நாளே புளிக்காய்ச்சல் காய்ச்சிவைத்து, எண்ணெய் கூடுதலாக விட்டுக் கிளறினால், புளிச்சோறு இரண்டு நாள் கெடாது.