சங்கு நேரத்து மணி

ஷிப்டுச் சங்கு ஊதும்போதெல்லாம் மணி ஏன் அடிக்கிறது என்று சுலோச்சனாவுக்குப் புரியவில்லை. பெங்களூரில் மூளையலைகளை ஆராய்கிறவள் அவள். தங்கச் சுரங்கத்துப் பாறை வெடிப்பில் உடலும் பேச்சும் போன அப்பாவின் தலையில் அவள்தான் கம்பிகளை ஒட்டியிருக்கிறாள். தாகமெடுத்தால் அவர் கண்ணை மூடவேண்டும்; மூடினால் மூளையின் அலை பெரிதாகும். அந்த அலை பெட்டியிலுள்ள முள்ளை எகிறவைத்து மணியை அடிக்கும். அடுப்படியிலிருந்து அம்மா தண்ணீரோடு வருவாள். தகரக் கூரையில் மாலை வெயில் சரிய, சங்கு ஊதுகிறது. முள் எகிறுகிறது, மணி அடிக்கிறது. அம்மா புகட்டிய தண்ணீர் அப்பாவின் உதட்டோரம் வழிகிறது, அவருக்கு வேண்டாம்.

"மெஷினு கெட்டுப்போச்சும்மா."

"முள்ளையே பாக்கறியே, மொகத்தப் பாருடி. சொரங்கத்துல எறங்க கேஜுல கால் வெக்கசொல்ல கண்ண மூடி மாரியாத்தாள கும்புடுவாரு. இன்னும் ஷிப்டுக்குப் போறாரு."

சுலோச்சனா பெட்டியைத் திறந்து இணைப்பை மாற்றுகிறாள். இனி ஒருமுறை மூடுவது மாரியாத்தாளுக்கு. அடுத்தடுத்து இரண்டுமுறை மூடினால்தான் மணி அடிக்கும்.