இன்னொரு தலையணை

"காலையிலேர்ந்து என் பொண்ணு தலையணை கேட்டுட்டிருக்கா. தலையணை கொண்டுவர ஆள் இல்லை. என்னை வெளியே தள்ள மட்டும் உடனே ஆள் வருது! இது பிரசவ ஆஸ்பத்திரியா, போலீஸ் ஸ்டேஷனா?"

இதே வாசகத்தை வார்டு ஆயாவிடமும் லிஃப்ட்காரரிடமும் சொல்லி மெருகேற்றிவிட்டுத்தான் மேட்ரன் முன்னால் வந்து நின்றிருந்தாள்.

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை; கான்வென்ட்டில் படித்ததோடு சரி. அங்கே கற்ற இங்கிலீஷ், விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும் பீங்கான் கோப்பை மாதிரி. அதையும் எடுத்தாள்.

"திஸ் இஸ் நாட் ஃபேர், மேட்ரன்."

"என்னம்மா ஆச்சு?"

"முந்தாநாள் பிரசவம். குழந்தை பால் குடிக்க மாட்டேங்குது. சாயங்காலத்துக்குள்ள குடிக்கலேன்னா மூக்குல குழாய் போடணுமாம். இந்த நேரத்துல அவளைப் பெத்தவ நான் பக்கத்துல இருக்க வேண்டாமா? அவ 'இன்னொரு தலையணை'ன்னு வாயைத் திறந்தா போதும், உங்க குள்ள நர்ஸ் ஓடி வந்து, 'அம்மா, டாக்டர் வர்றாங்க, வெளியே இருங்க'ங்கறா. டாக்டரும் வரலை, தலையணையும் வரலை!"

"தலையணைக்குக் கொஞ்சம் தட்டுப்பாடும்மா."

மேட்ரனின் முதுகுக்குப் பின்னால், அலமாரிக் கதவை மூடவிடாமல் தலையணைகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. ஹெட்மிஸ்ட்ரஸ் அதைப் பார்த்தாள். மேட்ரனும் திரும்பிப் பார்த்தார்.

"அதெல்லாம்... சலவைக்குப் போகணும்."

பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி அறைக்குத் திரும்பினாள். மகள், வீறிடும் குழந்தையை மார்போடு அணைத்துப் போராடிக்கொண்டிருந்தாள்.

"இப்படியா பிடிப்பாங்க? கழுத்தைத் தாங்குடி! பென்சிலையே ஒழுங்காப் பிடிக்காதவதானே நீ. இப்ப எதுக்கு அழறே? அழுதா பால் வத்திடும். நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?"

மகள் மணியை அழுத்தினாள்.

"சிஸ்டர், இன்னொரு தலையணை."

குள்ள நர்ஸ் வந்தாள், வெறுங்கையோடு.

"அம்மா, ரூம் துடைக்கப் போறோம். கொஞ்சம் வெளியே இருங்களேன்."

"இன்னும் எத்தனை தடவை துடைப்பீங்க? தரை தேஞ்சுடப் போகுது!"

கதவு சாத்திக்கொண்டது.

வராந்தா பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு பேர். எதிர் அறைப் பெண்ணின் மாமியார், மடியில் பிளாஸ்க்கோடு. கோடி அறைப் பெண்ணின் பெரியம்மா, மடியில் கைப்பையோடு.

"உங்களையும் துரத்திட்டாளா?" என்று நகர்ந்து இடம் விட்டாள் மாமியார். "என் மருமக ஒரு தலையணை கேட்டா. அதுக்கு அந்தக் குள்ள நர்ஸ் என்னை எழுப்பிக் கொண்டுவந்து இங்கே உட்கார வெச்சுட்டா."

"தலையணை வந்துதா?"

"எங்கே வந்துது!"

"எங்க பொண்ணும் தலையணைதான் கேட்டா," என்றாள் பெரியம்மா. "பாவம், பால் கொடுக்கத் தெரியலையேன்னு பக்குவமாத்தான் சொல்லிட்டிருந்தேன். பாதியிலே தலையணை வேணும்னுட்டா."

ஹெட்மிஸ்ட்ரஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடடா, இந்த நர்ஸ் லேசுப்பட்டவள் இல்லை! தலையணை என்றால் தலையணை இல்லை. 'இவங்களை வெளியே கூட்டிட்டுப் போங்க' என்று அர்த்தம். பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள். பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். வேண்டியதுதான். இந்த இரண்டு வாயையும் வைத்துக்கொண்டு எவளுக்குப் பால் சுரக்கும்?

சிரிப்பு பாதியில் நின்றது.

காலையிலிருந்து தலையணை கேட்டுக்கொண்டிருப்பவள் அவளுடைய மகள்.

உள்ளே அழுகைச் சத்தமும் நின்றிருந்தது. கதவு திறந்தது.

"அம்மா, பிடிச்சுக்கிட்டான்! நல்லா முழுங்கறான். டாக்டர்கிட்ட சொல்லிடறேன், குழாய் வேண்டியிருக்காது."

குள்ள நர்ஸின் முகமெல்லாம் சிரிப்பு. ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்தேவிட்டாள்.

"குடிச்சதும் தோள்ல போட்டு..."

மீதியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து அவள் பாதியில் நிறுத்திய முதல் வாக்கியம் அது.

"தோள்ல போட்டு முதுகைத் தட்டச் சொல்லுங்க," என்றாள் மாமியார்.

"தட்டவே கூடாது, தடவணும்," என்றாள் பெரியம்மா. "இவங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பொண்ணைப் பார்த்தேனே, ஒரே எலும்பு. மாசமா இருக்கறப்போ ஒழுங்காப் போட்டீங்களா சாப்பாடு?"

"உட்கார்றதைப் பாருங்க, கூன் போட்டுக்கிட்டு. பொண்ணும் அப்படித்தான் இருப்பா, அதான் பால் இறங்கலை," என்றாள் மாமியார்.

"நேரா உட்காருங்கம்மா. ம்... இன்னும் நேரா."

நர்ஸ் கதவை மெல்லச் சாத்திக்கொண்டிருந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் அந்த இடுக்கைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கெஞ்சும் குரலில் கேட்டாள்:

"சிஸ்டர்... எனக்கு ஒரு தலையணை கிடைக்குமா?"