சின்ன ஃபேனின் இரைச்சல்

விளையாடவும் அதை நேரலையில் காட்டவும் ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கக் கிளம்பிய நவநீதன், கையிலிருந்ததில் பெரும்பகுதியைத் திரையில் காட்சிகளை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கே கொடுத்துவிட்டான். மிச்சத்தில் ஒரு மைக்கும், கடையில் இருந்ததிலேயே சின்ன ஃபேனும் வந்து சேர்ந்தன.

விளையாட்டு சூடு பிடித்ததும் கார்டு கொதித்தது. அதைக் குளிர்விக்க ஃபேன் உயிரைக் கொடுத்துச் சுற்றியது.

“கொஞ்சம் அடங்கேன்! அவன் பேச்சைவிட உன் இரைச்சல்தான் எல்லாருக்கும் கேட்குது,” என்று மைக் எரிந்து விழுந்தது.

ஃபேனுக்கு அவமானமாகிவிட்டது. “நான் ஏன் கத்துறேன்னு நீங்களாவது சொல்லக் கூடாதாண்ணே?” என்று கார்டிடம் கேட்டது.

கார்டு தயங்கியது. “சொன்னா, இவ்வளவு விலை கொடுத்து வாங்கினது இப்படிக் கொதிக்குதேன்னு பேசுவாங்கப்பா.”

ஃபேன் அதற்குமேல் கேட்கவில்லை. சத்தம் வராமல் மெதுவாகச் சுற்றியது. மைக்குக்குத் திருப்தி. நவநீதன் ஜெயிக்கப்போகிற நேரத்தில் சூடு தாங்காமல் கார்டு மயங்கியது; திரை இருண்டு எல்லாமே நின்றுபோனது.

அவன் மேஜையைக் குத்திவிட்டு, சூடு ஆறியதும் மறுபடி போட்டான். ஃபேன் அசையவே பயந்தது.

“சுத்து தம்பி,” என்றது கார்டு.

ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது.

“ஆரம்பிச்சிட்டியா?” என்று மைக் சலித்துக்கொண்டது.

“அது என் சூடு. திட்டுறதுன்னா என்னைத் திட்டு,” என்றது கார்டு.

ஃபேனுக்கு மட்டும், தன் இரைச்சலில், கார்டு சொன்னது கேட்கவே இல்லை.