மூன்றாவது சிம்பல்

“மாமா, முதல்ல வாசிச்சதா, இப்ப வாசிச்சதா? எது எடுப்பா இருக்கு?”

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டாவது சிம்பலை, அந்த வெண்கலத் தட்டை, தட்டிக்காட்டிக் கேட்டான் என் மச்சினன்.

“இதுதான்” என்றேன், ரெக்கார்டிங் மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமல்.

“இல்ல மாமா. ஹெவி மெட்டல் பாட்டுல கிதார் போடுற இரைச்சல்ல இது காணாமப் போயிடும். ஒவ்வொரு அடியும் தனியா கேக்கணும்.”

மூன்றாவது சிம்பலை மாட்டித் தட்டினான். ‘டிங்’ என்று அறை முழுக்கத் தெறித்தது.

“ஆங், இது!”

அவன் முகம் மலர, நான் மெஷின் பக்கம் குனிந்துகொண்டேன்.

பாட்டு முழுவதையும் ஆசை தீர வாசித்தான்.

“எப்படி மாமா?”

“பிரமாதம்!”

பாட்டு நேற்றே முடிந்துவிட்டது. மச்சினன் தாளம் தள்ளாடுகிறதென்று பாடகன் குறை சொல்ல, டிரம்ஸ் முழுவதையும் நானே கம்ப்யூட்டரில் போட்டுவிட்டேன். “உங்க மச்சினன்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க” என்றான் பாடகன். எனக்குத்தான் வாய் வரவில்லை.

சிம்பலைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பியவன் வாசலில் நின்றான்.

“அந்த மைக் ஒயரைச் சுருட்டி வைங்க மாமா. காலையிலேருந்து எதுலயும் மாட்டாம தரையில கிடக்கு, யாராவது தடுக்கி விழப் போறாங்க. அக்கா கேட்டா, நல்லா வந்துச்சுன்னே சொல்லிடுறேன்.”