வாசலில் நெரிசல்

ஓர் அலுவலகத்து யுனிக்ஸ் சர்வர் கணினியில், சேதிகள் வந்துபோகும் வாசலைக் காத்தது ஒரு புரோகிராம். எல்லோரும் அதைக் காவல்காரர் என்றே கூப்பிட்டார்கள். தன் நிழலைக்கூட நம்பாத பிறவி அவர்.

"மூச்சு முட்டுதய்யா! வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கிறது யாருன்னு பாருங்க" என்றது சர்வர்.

காவல்காரருக்குச் சந்தேகம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வழியாகப் போன மின்னஞ்சலை மடக்கி, "எங்கேருந்து வர்றே? யாரைப் பார்க்கப் போறே?" என்று குடைந்தார். ஒரு கல்யாணப் போட்டோவைக்கூட உதறிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். விட்ட கையோடு, ஒவ்வொன்றைப் பற்றியும் தலைமை ஆபீசுக்குத் தகவல் அனுப்பினார். நெரிசலோ கூடிக்கொண்டே போனது.

கடைசியில், ஒரே சாயலில் வெளியே போகக் காத்திருந்த சேதிகளின் நீண்ட வரிசை அவர் கண்ணில் பட்டது. முதலில் நின்றதன் சட்டையைப் பிடித்தார்.

"யார் அனுப்பின ஆள் நீ?"

"நீங்கதானுங்க அனுப்பினீங்க. 'சந்தேகப்படும்படி எதுவும் இல்லை'ன்னு தலைமை ஆபீஸ்ல சொல்லப் போறேன்."

"பின்னால நிக்கிறவன்?"

"அவனும் அதைச் சொல்லத்தான். வரிசை முழுக்க நம்ம ஆளுங்கதானுங்க."

காவல்காரர் கண்ணைச் சுருக்கினார். இத்தனை பேர் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள் என்றால், யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இதைத் தலைமை ஆபீசில் சொல்ல, உடனே இன்னும் பத்து ஆட்களை அனுப்பினார்.