மேனேஜருக்கு ஒரு ரூம்

"தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?" அறை வாசலிலேயே நின்றுவிட்டார் மேனேஜர்.

"உள்பக்கம்தான் அண்ணே. முதல்ல உள்ள வாங்க" என்றாள் காப்பகத்துப் பெண்.

அவர் எந்த அலுவலகத்துக்கும் மேனேஜர் இல்லை. ஒன்பது வருடமாக ஒரு வங்கியின் வாசற்படியில் படுத்துக்கொள்கிறவர். அதற்குள் வங்கியில் ஐந்து மேனேஜர்கள் மாறிவிட்டார்கள், இவர் மாறவில்லை. அப்படி வந்த பெயர்.

தெருவில் தூங்குகிறவர்களைப் பேசிப் பேசிக் காப்பகத்துக்கு அழைத்து வருவது அவள் வேலை. இரண்டு வருடமாக இவரிடம் கெஞ்சிப் பார்த்தாயிற்று. சிரித்தே அனுப்பிவிடுவார். இன்று காலையில்தான் அதிசயமாக, "ரூம் ஏதாவது இருந்தா பார்க்கலாம்" என்றார்.

இருந்தது ஒரே ரூம். நாலு மணிக்குள் ஆள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால், பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டிருந்தது. மணி மூன்றரை.

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு வார்டன்கிட்ட."

"வார்டன் கதவைத் தட்டிட்டு வருவாரா, தட்டாம வருவாரா?"

கூடவே வந்திருந்த வார்டனுக்குச் சுர்ரென்று ஏறியது. "யோவ், நீ ரூம் பார்க்க வந்தியா, எனக்கு இன்டர்வியூ வைக்க வந்தியா?"

"ரெண்டும்தான் சார். பக்கத்து ரூம்ல யாரு?"

"ஒரு டெய்லர். குறட்டை விடுவார். மத்தபடி தங்கமான மனுஷன்."

"குறட்டை கிடக்கட்டும். குடிப்பாரா?"

"அண்ணே," என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "பேங்க் படியில பக்கத்துல யார் படுக்கிறாங்கன்னு இவ்வளவு விசாரிச்சீங்களா?"

"அங்க நான்தானே மேனேஜர்!"

ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். குளியலறைக் கொக்கியைப் போட்டுப் போட்டு எடுத்தார். மெத்தையை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வார்டன் தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கக் கீழே போனார். மேனேஜர் அவளையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஐயோ! யாராவது வாங்களேன்!" உள்ளேயிருந்து மேனேஜரின் அலறல்.

அவள் கதவை இடித்தாள். வார்டன் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். டெய்லர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். கதவு நிதானமாகத் திறந்தது.

"பன்னெண்டு எண்ணுறதுக்குள்ள மூணு பேரும் வந்துட்டீங்க. பரவாயில்ல" என்றார் மேனேஜர்.

வார்டன் சட்டையெல்லாம் டீ. "இந்த ஆளுக்கு ரூம் கிடையாது! கூட்டிட்டுப் போம்மா!"

"சார், சார், மணி மூணு அம்பத்தஞ்சு. ரெண்டு வருஷ உழைப்பு சார்!" வார்டனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பதிவேட்டை மேனேஜர் முன்னால் விரித்தாள். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு கையெழுத்து."

மேனேஜர் பேனாவை வாங்கவில்லை. ஜன்னலைத் திறந்து, தெருவைப் பார்த்துக் கையசைத்தார்.

"பயப்படாம மேல வாம்மா. எல்லாம் பார்த்துட்டேன்!"

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "கையெழுத்து அந்தப் பொண்ணு போடும் தங்கச்சி. நாலு நாளா என் படியில உட்கார்ந்தே ராத்திரியைத் தள்ளுது, கண்ணை மூடவே பயப்படுது."