பன்னிரண்டு புள்ளி நான்கு

பிரவீணா முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கடிகாரத்தை நிறுத்தினேன்.

12.6.

அப்பாடா என்று இருந்தது. தன் மாணவி தோற்றதற்காக ஓர் உடற்கல்வி இயக்குநருக்கு வரக்கூடாத நிம்மதி அது. எனக்கு வந்தது.

எங்கள் கல்லூரியில், என் அறைச் சுவரில், சாதனைப் பலகை ஒன்று இருக்கிறது. பெண்கள் நூறு மீட்டர்: ஆ. பரிமளா, 12.4, 2001. இருபத்து மூன்று வருடங்களாக அந்த வரியை அழித்து எழுதும் வேலை பெயிண்டருக்கு வரவில்லை.

அந்தப் பரிமளா நான்தான்.

அந்த நேரத்தை முறியடிக்கிறவளைத்தான் பல்கலைக்கழகப் போட்டிக்கு அனுப்புவேன். வேலைக்கு வந்ததும் நானே போட்ட விதி. இதுவரை நான்கு பேர் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அதில் கமலவேணி நல்ல ஓட்டக்காரி. அவளுக்கும் 12.6தான். இப்போது ஜெயங்கொண்டத்தில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள்.

போன வாரக் கூட்டத்தில் முதல்வர் குறைப்பட்டுக்கொண்டார், நம் காலேஜில் இப்போதெல்லாம் ஓட்டக்காரர்களே உருவாவதில்லையே என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

பிரவீணா செந்துறையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். பஸ்ஸிலேயே இரண்டு பன்னைத் தின்றுவிட்டு, இறங்கிய கையோடு ஓடுவாள். ஓடி முடித்ததும் சிரிப்பாள். அந்த வயதில் நான் ஓடி முடித்தால் வாந்தி எடுப்பேன். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தாள்.

“எவ்ளோங்க மேடம் வந்துச்சு?”

கடிகாரத்தைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. பெயர் கொடுக்க நாளையோடு கெடு. அவளுக்கு இது கடைசி வருடம்.

நான் ஏமாற்றவில்லை. நூறு மீட்டருக்கு அப்பால் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கத் திருமுருகன் சார் துப்பாக்கியால் சுடும்போது, புகையைப் பார்த்துக் கடிகாரத்தை அழுத்த வேண்டும். சத்தம் இங்கே வந்து சேர்வதற்குள் கால் நொடிக்கு மேல் போய்விடும். சத்தம் கேட்டு அழுத்தினால் அவ்வளவும் ஓடுகிறவளுக்கு இலவசம். வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். புகையைப் பார்த்துத்தான் அழுத்தினேன். கமலவேணிக்கும் அப்படித்தான் அழுத்தினேன்.

“இன்னொரு தடவ ஓடிப் பாத்துர்றேங்க மேடம்.”

பதிலுக்குக் காத்திராமல் ஷூவைக் கழற்றி என் காலருகே வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடந்தாள்.

களைத்திருப்பாள், இந்தத் தடவை நேரம் இன்னும் கூடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க நன்றாக இருந்தது.

ஷூவைப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டிலும் பேப்பர் திணித்திருந்தது. போன வருடம் நான் எடுத்துக் கொடுத்த ஷூ. அளவு பெரிது என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2001இல் நானும் வெறுங்காலோடுதான் ஓடினேன். இதே மைதானம். கடிகாரம் பிடித்தவர் ஆபீஸ் சாமிக்கண்ணு அண்ணன். கையில் டீ கிளாஸோடு, அரியலூர் சாலையில் போகும் சிமெண்ட் லாரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், வெடிச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டுத்தான் அழுத்தினார்.

அன்று சாயங்காலமே என்னிடம் சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லாதீங்கண்ணே என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் சொல்லாமலே ரிட்டயர் ஆகிவிட்டார்.

மைதானத்தின் அந்தக் கோடியில் பிரவீணா குனிந்து சுண்ணாம்புக் கோட்டில் விரல்களை ஊன்றினாள். திருமுருகன் சார் துப்பாக்கியைத் தூக்கினார்.

நான் சாலைப் பக்கம் திரும்பி நின்று, சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.